வேகமான சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்து பின்தங்குகிறவர்களுக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை சென்று திரும்பும் சைக்கிள் குழுக்கள் பல உண்டு. தனியாக ஓட்டிப் பழகிய ஒருவர், தம்மைவிட வலுவான, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு முதன்முறையாகச் சேர்ந்து பாதி வழியில் பின்தங்கிவிட்டால், தமக்குக் கால்வலு போதவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு அடுத்த வாரம் வராமலேயே இருந்துவிடுகிறார். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. வரிசையில் நின்ற இடம், காற்றின் திசை, கியர், உணவு, டயரின் அழுத்தம், கேட்காமல் விட்ட ஒரு கேள்வி ஆகியவையே பலரைக் குழுவிலிருந்து கழற்றிவிடுகின்றன. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களை முன்னாலும் கால்வலுவைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

அறிவிப்பில் சொன்ன வேகம் எனக்கு ஏற்றதா என்று தெரியவில்லை

"சராசரி 28" என்று குழுவின் வாட்ஸ்அப்பில் அறிவித்திருந்தால், சாலையில் மணிக்கு 28 கிலோமீட்டரில் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரியில் திருப்பங்களும், சிக்னல்களும், நீலாங்கரைவரை உள்ள நெரிசலும் சேர்ந்திருக்கும். ஆகவே திறந்த சாலையில் அந்தக் குழு 31 அல்லது 32-இல் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாடு பார்வைக்குச் சிறியது, உடலுக்குப் பெரியது. சமதளச் சாலையில் இந்த வேகங்களில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. அதற்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 28 கிலோமீட்டரிலிருந்து 32-க்குப் போகும் ஒருவர் காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டும்.

தனியே ஓட்டும்போது இதே சாலையில், இதே தூரத்துக்கு உங்கள் சராசரி என்ன என்று பாருங்கள். பிறர் மறைவில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் 2 அல்லது 3 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பயணத்தில் அந்தத் திறமை கைவந்திருக்காது என்பதால் 1 மட்டும் கூட்டிக்கொள்வது நல்லது. பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: பின்தங்கியவருக்காகக் காத்திருப்பார்களா, காத்திருப்பதென்றால் எந்தெந்த இடத்தில், கடைசியில் வருபவருடன் கூடவே வர ஸ்வீப் யாராவது இருக்கிறார்களா. இவற்றுக்கு விடை "இல்லை" என்றால் அந்தக் குழு கெட்ட குழு ஆகிவிடாது. பயிற்சிக்காகப் போகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்போது திரும்பும் வழியைத் தனியே சமாளிக்கும் ஏற்பாட்டுடன் போக வேண்டும்.

முதல் சில கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது

உடம்பைச் சந்தேகிப்பதற்கு முன் சைக்கிளைச் சந்தேகியுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் நெடுநேரம் சுழல வேண்டும். பிரேக் கட்டை உரசினால் சீக்கிரம் நின்றுவிடும். உரசும் பிரேக்கோடு தனியாக ஓட்டும்போது "இன்று கொஞ்சம் களைப்பு" என்று தோன்றும். குழுவில் அதுவே உங்களைக் கழற்றிவிடும். அடுத்து டயர். ட்யூபில் காற்று நாள்தோறும் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதிலும் மெல்லிய டயரில் அது விரைவாக இறங்கும். ஆகவே முந்தின வாரம் அடித்த காற்றை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் அன்று காலையே அடித்துக்கொள்ள வேண்டும். மேல் எல்லைவரை கல் போல அடிப்பது வேகம் தரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒட்டுப்போட்ட சாலையில் அது சைக்கிளைக் குதிக்க வைத்து வேகத்தைக் குறைக்கவே செய்யும். செயின் வறண்டு சத்தமிட்டால் ஒரு துளி எண்ணெய் இட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

சைக்கிளில் குறை இல்லையென்றால் மிதிவேகத்தைப் பாருங்கள். தனியே ஓட்டுகிறவர்களில் பலர் கனமான கியரில் நிமிடத்துக்கு 60, 65 சுற்று மிதித்துப் பழகியிருப்பார்கள். சீரான வேகத்தில் அது போதும். குழுவிலோ வேகம் நொடிக்கு நொடி சற்று ஏறி இறங்குகிறது. கனமான கியரில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தொடை முழுவலுவோடு தள்ள வேண்டியிருக்கும். ஒரு கியர் இலகுவாக்கி 80 முதல் 90 சுற்றுவரை மிதித்தால் அதே வேகம், குறைந்த தசைக்களைப்பில் கிடைக்கும். சில வாரம் தனியாகப் பழகிக்கொண்டால் இது இயல்பாகிவிடும்.

மூன்றாவது காரணம், உடல் சூடாகாமல் கிளம்புவது. வலுவானவர்களில் பலர் வீட்டிலிருந்து சந்திப்பிடம்வரை ஓட்டியே வந்திருப்பார்கள். நீங்கள் காரில் சைக்கிளை ஏற்றி வந்து இறக்கியிருப்பீர்கள். கிளம்பும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வந்து, அருகிலேயே மெதுவாக ஓட்டி, இடையில் இரண்டு முறை அரை நிமிடம் வேகமாக மிதித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

முன்னால் இருப்பவரின் பின்னாலேயே இருந்தும் காற்று முகத்தில் அடிக்கிறது

குழுவில் புதியவரைத் தோற்கடிக்கும் முதன்மையான காரணம் இதுதான். ஒருவரின் பின்னால் மறைந்து ஓட்டினால் உழைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும். ஆனால் அந்த மறைவு எங்கே விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இடைவெளியைக் கவனியுங்கள். பயத்தில் நான்கைந்து மீட்டர் விட்டு ஓட்டினால் மறைவின் பெரும்பகுதி போய்விடும். அனுபவசாலிகள் அரை மீட்டரில் ஓட்டுவதைப் பார்த்து முதல் நாளே நெருங்குவதும் ஆபத்து. ஒரு சைக்கிள் நீளத்தில் தொடங்கி, முன்னால் இருப்பவர் சீராக ஓட்டுகிறார் என்று நம்பிக்கை வந்த பிறகு பாதியாகக் குறைக்கலாம். திடீர் திடீரென்று பிரேக் பிடிப்பவரின் பின்னால் நெருங்கவே வேண்டாம்; வேறொருவரின் பின்னால் இடம் தேடுங்கள். தோள் அகலமானவர் பின்னால் மறைவு அதிகம் என்பதும் உண்மை.

அடுத்தது காற்றின் திசை. எதிர்க்காற்று நேராக வந்தால்தான் மறைவு நேர் பின்னால் விழும். பக்கவாட்டிலிருந்து வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் விலகி விழும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை காலைக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து, மேற்கு அல்லது தென்மேற்காக வரும். தெற்கு நோக்கிப் போகும்போது அது வலப்பக்க முன்புறத்திலிருந்து அடிக்கும், திரும்பும்போது பின்னால் தள்ளும். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில், வெயில் ஏற ஏற, இது தலைகீழாகும்: போகும்போது முதுகில் தள்ளிய காற்று, வடக்கு நோக்கித் திரும்பும்போது வலப்பக்க முன்புறத்திலிருந்து எதிர்க்கும். இரண்டு பருவத்திலும் எதிர்க்காற்று வரும் பாதியில் காற்று வலது முன்புறத்திலிருந்தே வருவதைக் கவனியுங்கள். அதனால் மறைவு முன்னவரின் இடது பின்புறத்தில், சாலையோரத்தை நோக்கி விழுகிறது.

காற்று வலமிருந்து வரும்போது ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று இடமாக விலகி ஓட்டினால், சாய்ந்த வரிசை ஒன்று உருவாகும். அதில் கடைசி ஆள் சாலையின் விளிம்பு மணலுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு மேலும் விலக இடமில்லாததால் மறைவும் இல்லை. புதியவர்கள் பணிவால் கடைசி இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே தனியாகக் காற்றோடு போராடித் தீர்ந்துபோகிறார்கள். குறிப்பாக முட்டுக்காடு பாலத்தில் இருபுறமும் தண்ணீர் திறந்து கிடப்பதால் இந்த விளைவு அங்கே கூர்மையாகத் தெரியும். பாலத்துக்கு முன்னரே வரிசையின் நடுவுக்கு, மூன்றாவது நான்காவது இடத்துக்கு, வந்துவிடுவதே இதற்குரிய தீர்வு. பணிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுவில் நிற்பவர் கழன்றுபோகாமல் இருந்தால் குழு முழுவதும் நிற்காமல் போகலாம்.

மறைவுக்காக இடமாக விலகும்போது, உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடக் கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க ஒரு சாண் விலகினால் சக்கரங்கள் உரசும். அப்படி உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவரே.

சிக்னலிலும் யூ-டர்னிலும் ஒவ்வொரு முறையும் பின்தங்குகிறேன்

நேர்ச்சாலையில் குழுவோடு இருக்க முடிகிறது, திரும்பும் இடங்களுக்குப் பிறகு மட்டும் விழுந்தடித்துத் துரத்த வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் வலு சரியாகவே இருக்கிறது. வரிசையில் இருக்கும் இடம்தான் சரியில்லை. பதினைந்து பேர் கொண்ட வரிசை ஒரு யூ-டர்னில் ஒருவர் பின் ஒருவராக நொடிக்கு ஓர் ஆள் வீதம் திரும்புகிறது என்று கொள்வோம். கடைசி ஆள் திரும்பி முடிப்பதற்குள் முதல் ஆள் பத்து நொடிகளுக்கு மேல் மிதித்துப் பழைய வேகத்தை எட்டிவிட்டிருப்பார். அவர் சாவகாசமாக எடுத்த வேகத்தைக் கடைசி ஆள் அதைவிட அதிகமாக ஓடி, காற்றிலும் நின்று, ஈடுகட்ட வேண்டும். வரிசை ரப்பர் நாடா போல நீண்டு சுருங்கும்போது, சுண்டுவது கடைசியில் இருப்பவரைத்தான்.

ஆகவே திருப்பத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பே, சாலை நேராக இருக்கும்போது, மெல்ல முன்னுக்கு நகர்ந்து ஐந்தாவது ஆறாவது இடத்தில் இருங்கள். திருப்பத்துக்குள் நுழையும் முன் இரண்டு கியர் இலகுவாக்கிக்கொள்ளுங்கள். கனமான கியரிலேயே திரும்பி வெளியே வருகிறவர் முதல் நான்கு மிதியில் இழப்பதை மீட்க ஒரு நிமிடம் ஆகும். வெளியே வந்ததும், முன்னவர் மிதிக்கத் தொடங்கிய அதே கணத்தில் தொடங்குங்கள். அவர் விலகிப்போவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு தொடங்கினால் தாமதம்தான்.

சிக்னலில் நிலைமை வேறு. பச்சை மாறப்போகும் நேரத்தில் முன்பாதி கடந்துவிட்டால் பின்பாதி கட்டாயம் நிற்க வேண்டும். துரத்திப்போய்ச் சிவப்பில் கடப்பதற்கு எந்தக் குழுவும் தகுதியானதல்ல. ஒழுங்கான குழு அடுத்த முனையில் மெதுவாகப் போகும். அப்படிப் போகவில்லையென்றால் அந்தக் குழுவைப் பற்றி அதுவே போதிய தகவல்.

எந்நேரமும் பிரேக் பிடிக்கிறேன், பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள்

கண் முன்னவரின் பின்சக்கரத்திலேயே நிலைகுத்தியிருந்தால் இப்படித்தான் ஆகும். சக்கரத்தில் மாற்றம் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். பிரேக்கைத் தவிர வேறு வழி இருக்காது. பார்வையை உயர்த்தி, முன்னவரின் தோளுக்கு மேலாக அவருக்கும் முன்னால் இருப்பவரைப் பாருங்கள். அவர் மிதிப்பதை நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நொடி முன்னறிவிப்பு கிடைக்கும். வேகத்தைக் குறைக்க முதலில் மிதியை இலகுவாக்குங்கள். போதவில்லையென்றால் முதுகை நிமிர்த்தி நெஞ்சைக் காற்றுக்குக் காட்டுங்கள். அல்லது ஒரு கை அகலம் வெளியே விலகிக் காற்றில் நில்லுங்கள். பிரேக் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், அதையும் லேசாகத் தொட வேண்டும்.

ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பதும் பின்னால் இருப்பவரைத் திடுக்கிடச் செய்யும். எழும் கணத்தில் மிதியில் அழுத்தம் தளர்வதால், சைக்கிள் பின்னவரை நோக்கி ஒரு முழம் வந்தது போலாகும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, மிதி கீழே இறங்கும்போது அழுத்தம் விடாமல் எழுந்தால் இது நேராது.

சைகைகளைப் பொறுத்தவரை, கையைக் கீழே நீட்டிச் சுட்டினால் குழி அல்லது மணல். கையை உயர்த்தி விரித்தால் நிற்கப்போகிறார்கள். முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தால், அந்தக் கை குறிக்கும் திசையில் விலகிப் போக வேண்டும், ஓரமாக வண்டி நிற்கிறது. குழுவுக்குக் குழு சிறு வேறுபாடு உண்டு என்பதால் கிளம்பும் முன் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சைகை வந்தால் அதைப் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. கையை எடுத்தால் தடுமாறுகிறது என்றால் வாயால் சொல்லுங்கள். "குழி", "ஸ்லோ", "பின்னாடி பஸ்" என்று உரக்கச் சொன்னால் போதும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். விடியலுக்கு முன் கிளம்பும் பயணங்களில் பின்விளக்கைச் சிமிட்ட விடாமல் நிலையாக எரிய விடுவதும் இதே வகை அக்கறையே. பின்னால் நெருங்கி வருபவரின் கண்ணைச் சிமிட்டும் சிவப்பு விளக்கு கூசச் செய்யும்.

முன்னால் இழுக்கும் முறை வந்ததும் தீர்ந்துபோகிறேன்

வரிசையின் முன்னால் நின்று மற்றவர்களுக்காகக் காற்றைத் தாங்கி ஓட்டுவதே இழுப்பது; அதை முறைவைத்து மாறி மாறிச் செய்வார்கள். முதல் ஆள் விலகி உங்களை முன்னால் விட்டதும், தகுதியை நிரூபிக்க வேண்டும் என்ற உந்துதலில் வேகத்தை இரண்டு கிலோமீட்டர் ஏற்றிவிடுவது ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் செய்வது. அதுவரை மறைவில் இருந்ததால் கால் இலகுவாகத் தோன்றும். காற்று முழுதாக மேலே விழுந்த அரை நிமிடத்தில் மூச்சு திணறும். முன்னால் வருவதற்கு முன் மீட்டரில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு அதே எண்ணைக் காப்பாற்றுங்கள். முப்பது நொடி போதும். வலுவானவர் ஐந்து நிமிடம் இழுத்தார் என்பதற்காக நீங்களும் இழுக்க வேண்டியதில்லை.

விலகும்போது முதலில் பின்னால் பார்த்து, வாகனம் இல்லை என்று உறுதிசெய்து, முழங்கையை அசைத்துக் காட்டி, பக்கவாட்டில் விலகிய பிறகே வேகத்தைக் குறையுங்கள். வரிசை உங்களைக் கடந்துபோகும்போது ஓய்வெடுத்துக்கொண்டே இருந்துவிடாமல், கடைசி மூன்று பேர் கடக்கும்போதே மிதியை மீண்டும் அழுத்துங்கள். இழுத்து முடித்த களைப்பில் கடைசி ஆளின் பின்சக்கரத்தைத் தவறவிட்டு அங்கேயே கழன்றுபோகிறவர்கள் மிகப் பலர். குழுவை இழந்தது இழுத்ததால் என்று அவர்கள் நினைப்பார்கள். உண்மையில் திரும்ப ஒட்டிக்கொள்ளத் தாமதித்ததே காரணமாக இருக்கும்.

இழுக்கும் முறையே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. வரிசையின் கடைசி இரண்டு இடங்களுக்குள் இருந்துகொண்டு, முன்னாலிருந்து விலகி வருபவருக்கு உங்கள் முன்னால் இடம் விட்டு, "உள்ளே வாங்க அண்ணா, நான் பின்னாடியே இருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் முறையைத் தட்டிக்கழிப்பதுதான் எரிச்சலூட்டும். சொல்லிவிட்டால் மறுக்கிறவர்கள் அரிது. நான்காவது ஆளாக வந்து, முன்னால் இருந்த மூவர் விலகியதும் இழுக்காமல் நின்றுவிடுவதைக் காட்டிலும், தொடக்கத்திலேயே சொல்லி வைப்பது எல்லோருக்கும் பாதுகாப்பானது.

இடைவெளி விழுந்துவிட்டது, துரத்தவா விடவா

இதற்குக் கணக்கு இருக்கிறது. குழு மணிக்கு 30-இல் போகிறது, நீங்கள் 33-இல் துரத்த முடியும் என்றால், 10 மீட்டர் இடைவெளியை 12 நொடியில் மூடலாம். 50 மீட்டர் என்றால் ஒரு நிமிடம். 200 மீட்டர் என்றால் நான்கு நிமிடம், அதுவும் மறைவில்லாமல், 33-இல். முதலாவதை உடனே செய்யுங்கள், தயங்கும் ஒவ்வொரு நொடியும் அதைப் பெரிதாக்கும். இரண்டாவதை ஒரு பயணத்தில் ஓரிரு முறை தாங்கலாம். மூன்றாவதைத் தொடவே வேண்டாம். பிடித்தாலும் அடுத்த திருப்பத்தில் மீண்டும் கழன்றுவிடுவீர்கள்.

இடைவெளி 10 மீட்டருக்குள் இருக்கும்போதே "இடைவெளி" என்று கத்திச் சொல்வது இதைவிடச் சிறந்தது. முன்னால் இருப்பவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்தால் அரை நிமிடம் ஒரு கிலோமீட்டர் குறைப்பார்கள். கழன்றது உறுதியாகிவிட்டால், உங்களோடு கழன்ற இன்னொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருவர் மாறி மாறி இழுத்துப் போவது தனியாகப் போவதைவிட வெகு எளிது. ஸ்வீப் வந்தால் அவர் பின்னால் பேசாமல் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்காகவே அவர் வருகிறார்.

காலை உணவுக்குப் பிறகு கால் கனக்கிறது, தசை பிடிக்கிறது, தலை சுற்றுகிறது

மாமல்லபுரத்தில் நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு அரை மணியில் அதே வேகத்தில் திரும்ப முயன்றால் கால் கனப்பதில் வியப்பில்லை. கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும். போய்வரும் தூரம் 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் இத்தகைய பயணத்தில் இட்லியும் வாழைப்பழமும் ஏற்றவை. பொங்கலை வீட்டுக்கு அருகே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உணவகம் வருவதற்கு முன்பே வலு போய்விட்டது என்றால், காரணம் வெறும் வயிற்றில் கிளம்பியதாக இருக்கலாம். கடுமையான உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் பலன் தருவதற்குள் குழு போய்விடும், எனவே முதல் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே ஒரு பழமோ கடலைமிட்டாயோ உள்ளே போக வேண்டும். வரிசையில் ஓடிக்கொண்டே உறை பிரிக்கத் தெரியாதவர்கள், முன்னிரவே பிரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

தசைப் பிடிப்புக்கு வியர்வையில் போகும் உப்பை மட்டும் குறைசொல்வது வழக்கம். பழக்கத்துக்கு மீறிய வேகத்தில் தசை களைத்துப்போவதும் அதே அளவு காரணமாகிறது. ஆகவே உப்பு நீர் குடித்தும் பிடிப்பு நிற்கவில்லையென்றால் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். குடிநீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர்வரை ஆகலாம். ஒரு குடுவையில் வெறும் நீரும் இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் குடுவையில் முழுவதும் கொட்டினால் கரைசல் இரண்டு மடங்கு அடர்த்தியாகிவிடும், பாதி போதும்.

பேச்சு குழறுவது, வழி தெரியாமல் தடுமாறுவது, வெயிலில் உடல் சில்லிட்டு நடுங்குவது, நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் இந்த வழிமுறையை விட்டுவிடுங்கள். உடனே இறங்கி, நிழலுக்குப் போய், அருகில் இருப்பவரிடம் சொல்லி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வெயில் தாக்கியதாகத் தெரிந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குழுவின் பயணத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்கி ஓட்டிக்கொண்டே போவது உயிருக்கு ஆபத்தானது.

முட்டி வலி, கை மரத்துப்போதல்

முட்டியின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரு நேரத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாமல் சோதித்துப் பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிப்புற ஓரத்தில் அழுத்தம் விழுகிறது. குழுவில் பதற்றத்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். முழங்கையைச் சற்று மடித்து வைத்தால் பிடியும் அழுத்தமும் தளரும், சைக்கிளும் நேராக ஓடும்.

பங்ச்சர் ஆனது, யாரிடமும் எனக்குப் பொருந்தும் ட்யூப் இல்லை

ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களின் பையில் 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயருக்கான மெல்லிய ட்யூபும், பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வுக்கான பம்பும் இருக்கும். நீங்கள் 35 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைபிரிடிலோ, சக்கர அளவே வேறான மலைச் சைக்கிளிலோ வந்திருந்தால் அவர்கள் மனம் வைத்தாலும் உதவ முடியாது. உங்கள் அளவுக்கு இரண்டு ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், உங்கள் வால்வுக்குப் பொருந்தும் பம்ப் ஆகியவற்றை நீங்களே எடுத்துவர வேண்டும். பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டால், சாலையோரப் பங்ச்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். தைத்த முள்ளோ கம்பியோ இன்னும் அங்கேயே இருந்தால் இரண்டாவது ட்யூபும் போய்விடும்.

யாரும் என்னோடு பேசவில்லை

பெரும்பாலும் இது புறக்கணிப்பு அல்ல. 32-இல் வரிசையில் ஓடுபவர்களால் பேச முடியாது, பேசக்கூடாது. பேச்சு நடப்பது கிளம்பும் முன்னரும் தேநீர்க் கடையிலும்தான். சந்திப்பிடத்தில் ஒருவரிடம் போய், "சார், குழுவில் ஓட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை, நான் எங்கே நிற்கட்டும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் வழிநெடுகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவதையும், திருப்பத்தில் கையசைத்து முன்னால் வரச் சொல்வதையும் காண்பீர்கள். சொல்லாமல் இருந்தால் உங்களையும் அனுபவசாலி என்றே எடுத்துக்கொண்டு, அதற்கேற்பவே உங்கள் பின்னால் நெருங்கி ஓட்டுவார்கள். அது உங்களுக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

சில வாரமாகியும் கழன்றுகொண்டே இருக்கிறேன்

எப்போது கழல்கிறீர்கள் என்று உங்கள் பயணப் பதிவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் திருப்பத்துக்குப் பிறகே என்றால், வரிசையில் இடம் மாற வேண்டும். தூரம் எதுவானாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு அருகில் என்றால் உணவைப் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் மட்டும், அதுவும் காற்று எதிர்க்கும் மாதங்களில் மட்டும் என்றால், மறைவின் இடது பின்புறத்தைப் பிடிக்கப் பழக வேண்டும். இடமும் நேரமும் மாறி மாறி வந்து, குழு 33-ஐத் தாண்டும் கணத்தில் மட்டும் கழல்கிறீர்கள் என்றால், இப்போது கால்வலுவைச் சந்தேகிக்கலாம்.

அதற்கு மருந்து, அதே குழுவில் ஞாயிறுதோறும் கழன்றுகொண்டிருப்பது ஆகாது. ஒருபடி மெதுவான குழுவுக்கு மாறி, அங்கே முழுத் தூரமும் வரிசையில் இருந்து, முன்னால் இழுக்கும் முறையையும் தவறாமல் எடுங்கள். வாரநாளில் ஒரு காலை, பேச முடியாத அளவு கடினமாக எட்டு நிமிடம் ஓட்டி, நான்கு நிமிடம் மெதுவாக ஓட்டுவதை மூன்று முறை செய்யுங்கள். அதற்கு மறுநாள் ஓய்வு எடுங்கள். மெதுவான குழுவில் இழுத்து முடித்த பிறகும் சிரமமில்லாமல் வரிசையில் ஒட்டிக்கொள்ள முடிகிறது என்ற நிலை வந்ததும், வேகமான குழுவின் ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தி அனுப்பி, முன்பு எந்த இடத்தில் கழன்றீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுச் சேருங்கள்.